வைராக்கியம் என்னும் சொல்



தேர்வில் ஒரு முறை தவறியவன், அடுத்த முறை வென்றே தீருவது என்று இரவு பகலாகப் படித்தால், "வைராக்கியமாகப் படிக்கிறான்" என்கிறோம். இரு முறை தவறியவன் நூல்களைக் கட்டி வைத்துவிட்டு மூலையில் அமர்ந்தால், "அவனுக்கு விரக்தி வந்துவிட்டது" என்கிறோம். முன்னது ஊக்கம், பின்னது சோர்வு. முன்னவன் பிடித்த பிடியை விடாதவன்; பின்னவன் எதையும் பிடிக்க மனமில்லாதவன். இவ்விரண்டு சொற்களும் ஒரே வேரிற் பிறந்தவை என்றும், பிறந்த இடத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் என்றும் கூறினால் நீங்கள் வியப்படைவீர்கள். நானும் ஒரு காலத்தில் வியந்தவனே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்த எனக்கு, இச்சொல்லின் பொருளைச் செவ்வையாக உணர்த்த ஒரு மாணவனும் அவனுடைய பாட்டியும் வேண்டியிருந்தார்கள். அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

நான் பணி செய்தது காட்டுப்பள்ளி வட்டாரத்தில். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயுமாகப் பழவேற்காட்டை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்த ஊர் அது. தேவாரம் பெற்ற திருக்காட்டுப்பள்ளி வேறு. அது சோழ நாட்டது. எங்கள் காட்டுப்பள்ளியில் இன்று துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் உள்ளன. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் எடுப்பதற்கான ஆலையும் 2010 ஆம் ஆண்டில் அங்கே அமைந்தது. 'பள்ளி' என்பது முற்காலத்தில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த சொல் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். துறவியர் போய்ச் சிறுவர் வந்த பின்னும் பெயர் மட்டும் மாறவில்லை! இவ்வூருக்குத் தெற்கே திருவொற்றியூர், வடக்கே பழவேற்காடு. இவ்விரண்டு ஊர்களுக்கும் வைராக்கியம் என்னும் சொல்லின் கதையில் பங்கு உண்டு.

முதலிற் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். வடமொழியில் 'ரஞ்ஜ்' என்றொரு வினையடி உண்டு. சாயம் ஏறுதல், சிவத்தல் என்பன அதன் பொருள்கள். ஒன்றில் ஈடுபட்டு உருகுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. சாயம் தோய்ந்தது, சிவந்தது என்னும் பொருளுடைய 'ரக்த' என்பது நம் உடலில் ஓடும் குருதிக்குப் பெயராகி, தமிழில் இரத்தம் என வழங்குகிறது. மனத்துக்கு நிறமேற்றி மகிழ்விப்பது மனோரஞ்சிதம். அவ்வடியிலிருந்து வந்த பெயர்ச்சொல்லே 'ராகம்'. அதற்கு நிறம் என்பதும், சிறப்பாகச் செந்நிறம் என்பதும், பற்று என்பதும் பொருள். பாடகர் ஆலாபனை செய்யும் இராகமும் இதுவே. கேட்பவன் உள்ளத்தில் ஒரு நிறத்தைத் தோய்ப்பது என்னும் கருத்தில் அப்பெயர் வந்தது.

'வி' என்பது நீங்குதலைக் குறிக்கும் முன்னொட்டு. மலம் நீங்கியது விமலம். ராகம் நீங்கியது விராகம். தீரனுடைய தன்மை தைரியம் ஆவது போலவும், சுந்தரத்தின் தன்மை சௌந்தரியம் ஆவது போலவும், விராகனுடைய தன்மை வைராக்கியம் ஆயிற்று. அதே வேரிலிருந்து 'தி' என்னும் ஈறு பெற்றுப் பிறந்தது விரக்தி. ஆகவே வைராக்கியம் என்பதற்கு நேர்ப்பொருள் சாயம் நீங்கிய தன்மை என்பதே. உறுதி என்றோ, பிடிவாதம் என்றோ, மனக்கசப்பு என்றோ அதில் ஓர் அணுவும் இல்லை.

ராகம் என்பதைச் சாயம் எனக் கொள்வது என் கற்பனை அன்று. பாணினி தம் இலக்கண நூலின் நான்காம் அத்தியாயத்தில் இச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறார். ஒரு சாயத்தின் பெயரோடு விகுதி சேர்ந்தால், அச்சாயத்தில் தோய்த்தது என்று பொருள்படும் என்பது அவ்விடத்து விதி. உரைகாரர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது. 'கஷாயம்' என்னும் துவர்ப்புச் சாற்றில் தோய்த்த ஆடை 'காஷாயம்' என்பதே அது. நாம் சளிக்குக் குடிக்கிற கஷாயமும், துறவி உடுக்கிற காஷாயமும் உடன்பிறப்புகள். தமிழிலும் இதற்கு இணை உண்டு. துவர் என்பது சுவைக்கும் பெயர்; செந்நிறத்துக்கும் பெயர். தேவாரத்தில் பௌத்தத் துறவியரின் ஆடை துவராடை எனப்படுகிறது. சாயம் நீங்கியவன் சாயமிட்ட ஆடையை உடுத்தித் திரிகிறான் என்பது விந்தையாகத் தோன்றலாம். என் மாணவர்களில் குறும்புக்காரன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "உள்ளே இருந்த சாயத்தைப் பிழிந்து வெளியே பூசிக்கொண்டார் போலும்" என்றான். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தப் பாணினியின் இலக்கணம் எங்கள் பகுதிக்கு அயலானதன்று. திருவொற்றியூர்க் கோயிலில் அதனைக் கற்பிப்பதற்கென்றே வியாகரண மண்டபம் இருந்தது எனச் சோழர் காலக் கல்வெட்டுகளால் அறிகிறோம்.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். சாயம் என்றால் என்ன என்பதை நூலகத்தில் மட்டும் கற்க முடியாது. சாயக்காரரிடம் கேட்க வேண்டும். பழவேற்காடு ஒரு காலத்தில் சாயத்துணிக்குக் கடல் கடந்து பெயர் பெற்ற துறை. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. சோழமண்டலக் கடற்கரையின் செந்நிறத்துக்கு மூலப்பொருள் சாயவேர். இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர் அது. மணற்பாங்கான நிலத்தில் விளைவது. அவ்வேரைக் காய்ச்சிய நீரில் பருத்தித் துணியை வெறுமனே முக்கினால் சாயம் நிலைக்காது. துணியை முதலில் வெளுத்து, கடுக்காய் நீரும் எருமைப்பாலும் ஊட்டி உலர்த்துவார்கள். பின்பு, எவ்விடத்தில் சிவப்பு வேண்டுமோ அவ்விடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அதன் பிறகே சாயவேர் நீரில் இட்டுக் கொதிக்க வைப்பார்கள். எடுத்து அலசி, வெயிலில் விரித்து, நீர் தெளித்து, மறுபடி உலர்த்தினால், படிகாரம் பட்ட இடத்துச் சிவப்பு ஊன்றி நிற்கும்; படாத இடத்துச் சாயம் நாளடைவில் வெளிறிப் போய்விடும்.

இதை அறிந்த பின்தான் நம் தத்துவ நூலோர் ராகம் என்னும் சொல்லை எவ்வளவு கருத்தோடு ஆண்டார்கள் என்பது எனக்கு விளங்கிற்று. உலகப் பொருள் சாயநீர் போன்றது. உள்ளம் துணி போன்றது. ஆயினும் சாயநீரில் விழுந்த துணி முழுவதும் சிவந்துவிடுவதில்லை. நடுவே 'எனது' என்னும் படிகாரம் எங்கே பட்டிருக்கிறதோ அங்கேதான் நிறம் ஊன்றுகிறது. அடுத்த வீட்டுக்காரனின் பசு தொலைந்தால் அனுதாபப்படுகிறோம். நம் வீட்டுப் பசு தொலைந்தால் உறக்கம் போகிறது. பசு என்னவோ பசுதான். இந்தப் படிகார உவமை என்னுடையது. எந்தச் சாத்திரத்திலும் தேட வேண்டா. ஆனால் ஆசை முதலியவற்றை உள்ளத்தில் ஊறிய 'கஷாயங்கள்' என்றே யோக நூலுக்கு உரை வகுத்த வாசஸ்பதி மிச்ரர் கூறுகிறார். அவை ஒரே நாளில் அகலுவதில்லை என்பதும் அவர் கருத்து. முதலில் முயற்சி, அடுத்து, வெந்து கழிந்தவை எவை, இன்னும் வேக வேண்டியவை எவை எனப் பிரித்தறிதல், பின், புலன்கள் ஓய்ந்தும் மனத்தில் மட்டும் எஞ்சி நிற்கும் ஏக்கம், கடைசியில் அதுவும் தீர்தல். ஆக நான்கு படிகள். இரண்டாம் படியை நான் பெரிதும் மதிக்கிறேன். தன்னிடம் எச்சாயம் இன்னும் இருக்கிறது என்று நேர்மையாகக் கணக்கெடுப்பவர் எத்தனை பேர்?

மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் அரிது என்று அருச்சுனன் முறையிட்ட இடத்தில், பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் அது கைகூடும் எனக் கீதை விடை தருகிறது. பதஞ்சலியும் இவ்விரண்டையுமே இணைத்துச் சொல்கிறார். வேதாந்திகளோ, இம்மையின்பத்தில் மட்டுமன்றி மறுமையின்பத்திலும் நாட்டம் இல்லாமையே வைராக்கியம் என்பர். கண்ணால் கண்ட இன்பங்கள், நூல் வழியாகக் கேட்ட இன்பங்கள் என இருவகையிலும் வேட்கை தீர வேண்டும் என்பதே பதஞ்சலியின் கருத்தும் ஆகும். நூல் வழியாகக் கேட்ட இன்பம் என்பது சுவர்க்கம். சொர்க்கத்துக்குப் போகலாம் என்று உலகை விடுபவன் விராகன் அல்லன். சிறு கடையை மூடிவிட்டுப் பெரிய கடை திறக்கிறவன் அவன். இந்த ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது தேவைப்படும்.

டச்சுக்காரர்கள் 1613 இல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். 1690 இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. சாயத்துணியை வாங்கிச் சென்று கிழக்குத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றுவது அவர்கள் வாணிகம். அத்துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் மனிதரும் அடிமைகளாக வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். இத்தகைய ஊரில், சென்னப்பட்டினம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஆபிரகாம் ரோஜெரியுஸ் என்னும் சமய போதகர் வந்து சேர்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே தங்கினார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் நம் நாட்டுச் சமய வழக்கங்களைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். தாயகம் திரும்பி 1649 இல் அவர் காலமான பிறகு, அக்குறிப்புகள் 1651 இல் லெய்டன் நகரில் நூலாக வெளிவந்தன. மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்பது அந்நூற்பெயரின் கருத்து. அதன் இறுதியிலே பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் டச்சு மொழியில் இடம்பெற்றன. சிருங்கார சதகம் விடப்பட்டது. கீதையை வில்கின்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1785 இல். அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன், வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியதற்கு எங்கள் பழவேற்காடே வாயில் ஆயிற்று. 1663 இல் அந்நூல் நூரம்பர்க் நகரில் ஜெர்மானிய மொழியிலும் வெளிவந்தது.

வைராக்கிய சதகத்துக்கு ரோஜெரியுஸ் இட்ட தலைப்புத்தான் நம்மைத் திகைக்க வைக்கிறது. விண்ணுலகுக்குச் செல்லும் வழியைப் பற்றிய மொழிகள் என்று அவர் தலைப்பிட்டார்! விண்ணுலக நாட்டமும் அற்றுப் போவது எந்தச் சொல்லின் பொருளோ, அந்தச் சொல்லே விண்ணுலக வழி ஆகிவிட்டது. இதற்காக அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வடமொழி தெரியாது. பத்மநாபன் வடமொழிச் சுலோகத்தைப் போர்த்துக்கேசிய மொழியில் விளக்க, அதனை இவர் டச்சு மொழியில் எழுதினார். இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியே நடுவில் நின்ற பாலம். அப்பாலத்தைக் கடக்கையில் சாயம் என்னும் உருவகம் நீரில் விழுந்துவிட்டது. அறையிலிருந்து வெளியே வந்தால், தெருவெல்லாம் சாயத்துணி காய்ந்துகொண்டிருந்திருக்கும். ஒரு துணியைக் காட்டி, "இந்தச் சிவப்புத்தான் ராகம்" என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னாரோ என்னவோ!

ரோஜெரியுஸை மட்டும் குறை கூறுவானேன்? நாமும் இச்சொல்லை நம் போக்கில் மாற்றிக்கொண்டவர்களே. தமிழில் வைரம் என்றால் உறுதி. முற்றிய மரத்தின் நடுப்பகுதியை வைரம் பாய்ந்தது என்போம். வைராக்கியம் என்ற சொல்லைக் கேட்ட தமிழ்ச் செவிக்கு அதற்குள் வைரம் ஒலித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாயம் நீங்கியவன் என்பது மறைந்து, வைரம் பாய்ந்தவன் என்பது நிலைத்தது. துறவியிடம் மனவுறுதியும் காணப்படுவதால் இம்மாற்றம் எளிதாயிற்று. தமிழுக்குத் துறவைச் சொல்ல வேறு சொற்கள் இருந்ததும் ஒரு காரணம் ஆகலாம். திருவள்ளுவர் துறவு என்றும், அவாவறுத்தல் என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அங்கே உருவகம் சாயம் அன்று, கை. பற்று என்பது கையாற் பற்றுவது. துறத்தல் என்பது விடுவது. வடமொழியில் கறை நீங்க வேண்டும். தமிழில் கை திறக்க வேண்டும்.

ஆயினும் பழைய பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியோர் நகைப்பது அப்பொருளில்தான். சுடுகாட்டில் பிறந்த ஞானம் வீட்டில் குளித்தவுடன் ஓடிவிடும் என்பார்கள். சாயவேரின் மொழியில் சொன்னால், வெளுத்தது போலத் தோன்றிய துணி உலர்ந்ததும் மீண்டும் சிவக்கிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டுள்ள பட்டினத்தாரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவருக்குச் சீடரான பத்திரகிரியார் ஒரு நாட்டை ஆண்டவர். அந்தப் பர்த்ருஹரியே இவர் என்பது தமிழ்நாட்டு வழக்கு. வரலாற்றுச் சான்று கேட்டால் கிடைக்காது. இருவரும் திருவிடைமருதூரில் இருந்தபோது, உணவு கேட்டு வந்தவரைப் பார்த்து, "அந்த வாயிலில் ஒரு குடும்பி இருக்கிறார், அவரிடம் கேள்" என்றாராம் பட்டினத்தார். நாட்டைத் துறந்தவர் எப்படிக் குடும்பி ஆவார்? அவரிடம் ஒரு சோற்றுச் சட்டியும், அவரைச் சுற்றி வந்த ஒரு நாயும் இருந்தன! கதையைக் கேட்ட பத்திரகிரியார் சட்டியை எறிந்தார். அது நாயின் மேல் பட்டு, நாயும் மாண்டது என்பர். நாடு போயிற்று, சட்டியில் கொஞ்சம் சாயம் ஒட்டியிருந்தது.

இக்கதையை நான் வகுப்பில் பல ஆண்டுகள் சுவைபடச் சொல்லி வந்தேன். இறுதியில், "ஆகவே பற்றை விட வேண்டும்" என்று முடிப்பேன். ஒரு நாள் கடலோரக் குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். கப்பல் கட்டும் தளம் எழுந்தபோது அவர்கள் குப்பம் பழைய இடத்தை விட்டு வேறிடம் பெயர்ந்திருந்தது. "ஐயா, எங்கள் ஆயா தினமும் சாயங்காலம் பழைய குப்பம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பற்றை விடச் சொல்லி அவரிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டான். அவன் குரலில் குறும்பு இல்லை, உண்மையாகவே கேட்டான். நானும் தயங்காமல், "சொல்" என்றேன். இன்று நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

மறுநாள் அவன் ஆயாவின் விடையைக் கொண்டுவந்தான். "விட்டுடணும்னு சொல்றாரே உங்க சாரு, நானா விட்டேன்? எடுத்துக்கிட்டாங்க. விடணும்னா என் கையில இருக்கணுமே!"

அன்றிரவு யோக நூலை மறுபடி திறந்தேன். நான் முன்னே சொல்லாமல் விட்ட ஒரு சொல் அவ்விடத்தில் இருந்தது. வேட்கையற்றவனுடைய நிலைக்குப் பதஞ்சலி தரும் பெயர் 'வசீகாரம்'. தன் வசத்தில் இருத்தல் என்பது அதன் கருத்து. பறிகொடுத்தவனை அவர் விராகன் என்னவில்லை. உணவு கிடைக்காதவனை விட்டுப் பொருள்கள் விலகுகின்றன, ஆனால் அவற்றின் சுவை விலகுவதில்லை என்று கீதையும் இரண்டாம் அத்தியாயத்தில் பிரித்துச் சொல்கிறது. துணியைக் கிழித்து எறிந்தால் சாயம் போனதாகுமா? அம்மையார் எழுத்தறியாதவர். அவரிடம் இருந்தது வைராக்கியமும் அன்று, விரக்தியும் அன்று, ஊர் நினைவு. நான் இரண்டு சொற்களையும் குழப்பி, மூன்றாவதான ஒன்றின்மேல் ஒட்டப் பார்த்தேன். வைராக்கியம் ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளத் தகுந்த சொல்லே அன்றிப் பிறர்மேல் விதிக்கும் சொல் அன்று என்பதை அதன் பின்னரே வகுப்பில் சொல்லத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாணவனோடு அவரைக் காணச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவரே தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். என் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க வீடு இன்னும் இருக்குதா?"

"இருக்கிறது, அம்மா" என்றேன்.